கார் பிறக்கும் ஊரில் பழைய கார்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத் தடம் 1990-இலேயே வந்துவிட்டது. கார் செய்யும் ஆலை அதற்குப் பிறகுதான். அந்த ஆலையை அமைத்த ஹூண்டாய் 1996 மே மாதம் இந்தியாவில் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது; 1998 செப்டம்பரில் முதல் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. அதுவரை ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கத்தில் நாங்கள் பார்த்த கார்கள் பெரும்பாலும் வேறெங்கோ செய்யப்பட்டு, யார் யாரோ ஓட்டிக் கைமாறி வந்தவை. என் அப்பா ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு ஓட்டிய அம்பாசடரும் அப்படித்தான். ராமானுஜர் கோயிலுக்கு வருகிறவர்களையும் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிறவர்களையும் ஏற்றி இறக்கிய அந்த வண்டிக்கு அப்பா எத்தனையாவது ஓனர் என்பது ஆர்.சி. புக்கைப் பார்த்தாலும் தெரியாது. நடுவில் வாங்கி விற்றவர்கள் பேர் மாற்றவே இல்லை.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, இந்தப் பகுதி ஆலை ஒன்றில், வண்டி கேட்டைத் தாண்டும் முன் கடைசியாகச் சோதிக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். பிறகு ஒரு டீலரிடம் பழைய கார்களை மதிப்பிட்டுச் சான்றிதழ் எழுதினேன். இப்போது எந்த டீலரோடும் சேராமல், வாங்குகிறவருக்காக வண்டி பார்த்துச் சொல்கிறேன். சான்றிதழ் எழுதுகிற மேசையும் தெரியும், அதை நம்பிப் பணம் கட்டியவர் கண் கலங்கி நிற்கிற வாசலும் தெரியும். வாங்கிய பிறகு வண்டி நின்றுபோனால் யார் பதில் சொல்வது? எங்கள் பகுதியின் பழைய கார் வரலாற்றை நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

அப்பா காலத்தில் பதில் சொல்ல வேண்டியவர் மெக்கானிக். அம்பாசடர், ஃபியட் இரண்டை விட்டால், வண்டலூருக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புது வண்டிக்குப் பதிவு செய்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் உடனே கையில் கிடைக்கிற, கொஞ்சமே ஓடிய வண்டிக்குச் சில சமயம் புது வண்டியின் விலையை விடக் கூடுதலாகக் கேட்டார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகும் சில ஆண்டுகள் இந்த நிலைமை நீடித்தது. அப்படிப்பட்ட சந்தையில் வாங்குகிறவர் வாயைத் திறக்க முடியாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் அடிப்படையில் பார்த்து வாங்குவது உன் பொறுப்பு என்றுதான் சொன்னது. விற்பவரின் திறமையை நம்பி, இன்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கினால் விதிவிலக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்திலிருந்து யாரும் கோர்ட் படி ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே மெக்கானிக் வருவார். என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, புகை எப்படி மேலே வருகிறது என்று பார்ப்பார். ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பார். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துச் சத்தம் கேட்பார். வண்டி பிறகு மக்கர் செய்தால் அவரே சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய பாகம் வாங்கி வந்து, கூலி கேட்காமல் மாட்டிக் கொடுப்பார். ஏனென்றால் அவரும் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனாலும் தப்பு நடந்தால் போய் நிற்க ஒரு வீட்டுத் திண்ணை இருந்தது.

1988-இல் ஸ்டாண்டர்டு ஆலை மூடப்பட்டது. ஹெரால்டு வைத்திருந்தவர்களுக்குப் புதுப்பேட்டை ஒன்றே கதியாயிற்று. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

சான்ட்ரோ வந்த பிறகு ஊரே மாறியது. மறைமலை நகரில் ஃபோர்டு, திருவள்ளூரில் லேன்சர், பிறகு 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிசான். சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் நெல் வயல்கள் சிப்காட் தொழிற்பேட்டைகள் ஆயின. அரசுக்கு நிலம் கொடுத்த பணத்தில் சிலர் கார் எடுத்தார்கள். ஆலையில் வேலை கிடைத்த பையன்கள் வங்கிக் கடனில் எடுத்தார்கள். அந்த வண்டிகள் மூன்று நான்கு ஆண்டில் கைமாறத் தொடங்கியபோது படப்பை, சுங்குவார்சத்திரம், தாம்பரம் எங்கும் ‘ஆட்டோ கன்சல்டிங்’ போர்டுகள் முளைத்தன. ஒரு காலி மனை, கொட்டகை, பத்துப் பன்னிரண்டு வண்டி, முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

கன்சல்டிங்காரர் வண்டிக்கு ஓனர் ஆக மாட்டார். விற்பவரிடம் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய இரண்டு ஃபாரங்களிலும் கையெழுத்து வாங்கி, வாங்குபவரின் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு வைத்துக்கொள்வார். வண்டி எத்தனை கை மாறினாலும் காகிதத்தில் முதல் ஆள்தான் ஓனர். விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு சொல்கிறது. யார் செய்தார்கள்? இதன் விலை என்ன என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் காட்டியது. 2007-இல் ஒருவர் கார் விற்றார். அது வரிசையாகப் பலரிடம் போய், 2009-இல் விபத்தில் ஓர் உயிர் போனது. இழப்பீடு கொடுக்க வேண்டியவர் யார்? பதிவேட்டில் பெயர் இருந்த அந்த முதல் ஆள்தான் என்றது நீதிமன்றம். இன்சூரன்ஸும் அதே கதை. மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு வண்டியோடு போய்விடும். சொந்த வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாதவருக்குக் கிடைக்காது.

அந்தக் காலத்து ஏமாற்றுகளில் எங்கள் பகுதிக்கே உரியது டி-போர்டு வண்டி. ஆலைகளின் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்த இண்டிகாக்களும் பிறகு டிசையர்களும் இரவு பகலாக ஓடும். ஒப்பந்தம் முடிந்ததும் மஞ்சள் போர்டை எடுத்துவிட்டு ஓன் போர்டாக மாற்றி விற்பார்கள். மாற்றுவது சட்டப்படி சரிதான். லட்சங்களைத் தாண்டிய மீட்டரைத் திருப்பி ஐம்பதாயிரத்தில் நிறுத்தி, ‘டாக்டர் வச்சிருந்த வண்டி சார்’ என்று சொல்வதுதான் துரோகம். மீட்டரைத் திருப்பலாம், கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும், ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருப்பதையும், டேஷ்போர்டுக்குக் கீழே வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போன ஒயரின் அறுந்த முனையையும் திருப்ப முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாகத்தான் சான்றிதழ் வந்தது. மாருதி 2001-இல் ‘ட்ரூ வேல்யூ’ என்ற பழைய கார் விற்பனைப் பிரிவைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் நோபல் பரிசு பெற்றார். அவர் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்களைப் பற்றியது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. பயந்துபோய் அவர் எல்லா வண்டிக்கும் விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். கடைசியில் கெட்ட வண்டிகளே சந்தையில் மிஞ்சும் என்றார். உத்தரவாதம், நற்பெயருள்ள நிறுவனம், உரிமம் ஆகியவை இதைத் தடுக்கலாம் என்றும் எழுதினார். அந்தக் கட்டுரையில் இந்தியக் கிராமத்து லேவாதேவிக்காரரும் வருகிறார் என்பதை நான் படித்தபோது எனக்கு ஆகர்லாஃப் நெருங்கிய மனிதராகத் தெரிந்தார். மூன்று இதழ்கள் வேண்டாம் என்று திருப்பிய கட்டுரை அது.

ஹூண்டாய்க்கு ‘ஹெச் பிராமிஸ்’, ஃபோர்டுக்கு ‘ஃபோர்டு அஷ்யூர்டு’ என்று மற்றவர்களும் வந்தார்கள். 2015-இல் கார்ஸ்24, ஸ்பின்னி நிறுவனங்கள். நூற்றுக்கும் மேல் சோதனைப் புள்ளிகள், ஓராண்டு வாரண்டி, சில இலவச சர்வீஸ். இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேர் மாற்றம், ஃபைனான்ஸ் கட், என்.ஓ.சி. எல்லாம் அவர்களே முடித்துக் கொடுத்தார்கள். கன்சல்டிங் கொட்டகையில் பயந்துகொண்டு நின்ற குடும்பப் பெண்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள்.

ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பியவன் நான். மதிப்பீட்டாளருக்கு ஒரு வண்டிக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. எதையும் கழற்றக் கூடாது. பெயின்ட் கனம் பார்க்கும் கருவியை வைத்தால் ஆலைப் பூச்சு நூறு, நூற்றைம்பது மைக்ரான் காட்டும். பட்டி போட்டு அடித்த இடம் அதைப்போல் பல மடங்கு காட்டும். பானட்டைத் தூக்கி ஏப்ரன் ஓரத்தில் ஸ்பாட் வெல்டு புள்ளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஆலையில் ரோபோ வைத்த புள்ளியையும் பட்டறையில் கையால் வைத்த புள்ளியையும் எங்கள் ஊர்ப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கியர்பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது என்பதை எந்தப் புள்ளியும் சொல்லாது. வாரண்டியோ பெரும்பாலும் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும். கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி., பேட்டரி, ஒயரிங் எல்லாம் ‘தேய்மானம்’ என்ற தலைப்பில் வெளியே. வாங்கியவர் உண்மையில் செலவழிப்பது இவற்றுக்குத்தான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு இந்த ஏற்பாடு முழுவதும் தண்ணீரில் சோதிக்கப்பட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். மணப்பாக்கம் முதல் கோட்டூர்புரம் வரை கார்கள் கூரை தெரியாமல் நின்றன. தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருப்பியவர்கள் பலர். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்தது. ‘என்ஜினை நீங்களே கெடுத்தீர்கள்’ என்று இன்சூரன்ஸ் கைவிரித்தது. முழு நஷ்டம் என்று எழுதப்பட்ட வண்டிகள் ஏலத்துக்குப் போயின. உடைத்து விற்க வேண்டிய வண்டிகளில் ஒரு பகுதி, புது சீட் கவரும் பாலிஷும் போட்டுக்கொண்டு மீண்டும் சாலைக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இது மறுபடியும் நடந்தது.

மூழ்கிய வண்டி உடனே காட்டிக்கொடுக்காது. ஒயர் முனைகளில் பச்சை பூக்க ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவியவர் கை அங்கே போயிருக்காது, வண்டல் கோடு நிற்கும். சீட் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னிக் குழியின் ஓரத்து மண், ஹெட்லைட்டுக்குள் பனி, இவையும் பேசும். எனக்கு மிகுந்த அச்சம் தருவது ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பல கார்களில் அது நடு கன்சோலுக்குக் கீழே தரையை ஒட்டி இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே அது நனைந்துவிடும். விபத்து நேரத்தில் அது வேலை செய்யுமா என்பதை யார் சொல்ல முடியும்?

இதற்கிடையில், சான்றிதழ் கொடுத்தவரே ஊரை விட்டுப் போவதையும் பார்த்தோம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலை நகர் ஆலை ஓய்ந்தது. அதே ஆண்டு நிசானின் டாட்சன் பிராண்டும் முடிந்தது. பாகமும் சர்வீஸும் தொடரும் என்று நிறுவனங்கள் சொன்னாலும், அறிவிப்பு வந்தவுடன் ஃபிகோவின் மறுவிற்பனை விலை சரிந்தது. ஹெரால்டு வைத்திருந்தவர்களின் கவலை முப்பது ஆண்டு கழித்து அவர்களின் பேரன்களிடம் வந்தது. குறையுள்ள கார்களை நிறுவனம் திரும்ப அழைப்பதிலும் பின்னால் வாங்கியவருக்கே சிக்கல். 2012-இல் ஃபோர்டு 1.28 லட்சம் ஃபிகோ, ஃபியஸ்டா கிளாசிக் கார்களைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. அடுத்த ஆண்டும் அழைத்தது. கடிதம் முதல் ஓனரின் முகவரிக்குப் போகும். மூன்றாவது ஓனர் தானாகச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டால்தான் உண்டு. ஹூண்டாய் என்றால் எம்.ஏ.எல்., ஃபோர்டு என்றால் எம்.ஏ.ஜே. என்று தொடங்கும் அந்தப் பதினேழு எழுத்தைப் பழைய கார் வாங்குகிற ஒவ்வொருவரும் குறித்து வைத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட வேண்டும். காசு செலவில்லை.

சட்டம் மெல்லத்தான் வந்து சேர்ந்தது. 2022 டிசம்பர் 22 அன்று மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைத் தெரிவித்துவிட்டால், அடுத்த கைக்குப் போகும் வரை டீலரே ஓனராகக் கருதப்படுவார். கையெழுத்துப் போட்ட காலி ஃபாரத்தின் கதை காகித அளவிலாவது அதோடு முடிந்தது. ஆனால் அந்த விதிகள் வண்டி யாருடையது என்பதைத்தான் பேசுகின்றன. வண்டி எப்படி இருக்கிறது என்பதைப் பேசவில்லை. அமெரிக்காவில் 1985 முதல் பழைய கார் டீலர், வாரண்டி உண்டா இல்லையா என்று எழுதிய தாளை வண்டியிலேயே எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். பிரிட்டனில் 2015 சட்டப்படி டீலரிடம் வாங்கியதில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

நம்மிடம் இருப்பது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் நான் பெரிதாக மதிப்பது ஒரு சிறிய உட்பிரிவு: முறையான, போதுமான சோதனை செய்யாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கொடுப்பது முறையற்ற வணிகம். சான்றளித்த கார் வாங்கி ஏமாந்தவருக்காகவே எழுதியது போல இருக்கிறது. வாங்கியவர் தான் குடியிருக்கிற, வேலை செய்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். டீலரின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தாலும் வாலாஜாபாத்துக்காரர் அங்கே ஓட வேண்டாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம்தான் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது; 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

ஒரகடத்தில் உதிரிபாக ஆலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பி சான்றளித்த கார் ஒன்றை வாங்கினான். அம்மாவுக்கு டயாலிசிஸ், வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் கடன் வாங்கி எடுத்தான். முதல் மழைக்காலத்தில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, பவர் விண்டோ நின்றது, ஒரு நாள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. டீலர் ‘எலக்ட்ரிக்கல் வாரண்டில வராது’ என்றார். என்னிடம் கொண்டுவந்தான். பெல்ட்டை இழுத்தேன். கார்பெட்டைத் தூக்கினேன். சந்தேகமே இல்லை, மூழ்கிய வண்டி.

“அண்ணே, வெள்ளத்துல மாட்டலைன்னு சர்டிஃபிகேட்ல டிக் அடிச்சிருக்காங்களே?”

“அந்தத் தாளைப் பத்திரமா வை தம்பி. இனிமே வாரண்டியைப் பத்திப் பேசாத. அந்த டிக்கைப் பத்தி மட்டும் பேசு.”

வெளியே எங்கும் ரிப்பேர் செய்யாதே, செய்தால் சாட்சி போய்விடும் என்றேன். போனில் பேசியதை எல்லாம் அன்றன்றே மின்னஞ்சலில் எழுத்தாக்கி அனுப்பச் சொன்னேன். விளம்பரத்தின் படம், சோதனைத் தாள், பணம் கட்டிய ரசீது, கம்பெனி சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த குறைப் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் போனது. பதில் இல்லை. மாவட்ட ஆணையத்தில் புகார் பதிவாகி, வண்டியை ஆய்வுக்கு அனுப்பக் கேட்டு மனுவும் போட்ட பிறகுதான் டீலர் தரப்பு பேச வந்தது. ஓட்டிய காலத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சோதனைத் தாளில் ‘ஆய்வு செய்தவர்’ என்ற இடத்தில் ஓர் எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று கடைசி வரை அவர்கள் சொல்லவில்லை. அங்கே ஆளின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். நானே எண்ணாக இருந்து எழுதியவன்; பெயர் எழுத வேண்டியிருந்தால் ஒவ்வொரு டிக்குக்கும் முன்னால் கை எவ்வளவு யோசிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

தம்பிக்குப் பணம் வந்துவிட்டது. வண்டி டீலரின் யார்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. வெள்ளத்தில் மூழ்கியது என்று எழுத ஆர்.சி.யில் ஒரு பத்தி இல்லை. சமரசமாக முடிந்ததால் ஆணையத்தின் தீர்ப்பிலும் அது எழுதப்படவில்லை. அந்த வண்டியின் சேஸிஸ் எண்ணை என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் யார் வண்டி பார்க்கக் கூப்பிட்டாலும், பானட்டைத் திறப்பதற்கு முன் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.